மாவுச்சத்தில் நார்ச்சத்து சேர்த்தியா, தனியா?

பிப்ரவரி 3, மாலை (வாசகர் கேள்வி)

ஒரே பிஸ்கட், இரண்டு பொட்டலம். ஒன்று அமெரிக்காவில் விற்பது, மற்றது ஐரோப்பாவில் விற்பது. முதலாவதில் ஒரு வேளை அளவுக்குத்தான் போட்டிருந்தார்கள், 100 கிராமுக்கு மாற்றிக் கணக்குப் போட்டேன். கார்போஹைட்ரேட் ஏறக்குறைய 70 கிராம் வருகிறது. இன்னொன்றில் 64. புரதம், கொழுப்பு இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. யாராவது ஏமாற்றுகிறார்களா? பள்ளியில் ஊட்டச்சத்து ஆறு வகை என்று படித்தோம்: மாவுச்சத்து (அதாவது கார்போஹைட்ரேட்), புரதம், கொழுப்பு, வைட்டமின், தாது, தண்ணீர். நார்ச்சத்து இதில் எங்கே? ஆறு என்பதாவது உறுதியா?

பிப்ரவரி 3, இரவு

யாரும் ஏமாற்றவில்லை. இரண்டு எண்ணும் சரி.

அமெரிக்க விதியில் "மொத்த கார்போஹைட்ரேட்" என்றால் நார்ச்சத்தும் உள்ளே. அதற்குக் கீழே கொஞ்சம் தள்ளி, உட்பிரிவாக நார்ச்சத்து வரும். ஐரோப்பிய ஒன்றிய விதியில் கார்போஹைட்ரேட் என்றால் நார்ச்சத்து நீங்கலாக. நார்ச்சத்தைத் தனி வரியில் போடலாம், போடாமலும் விடலாம். அமெரிக்கப் பொட்டலத்தில் நார்ச்சத்து 100 கிராமுக்கு 6 கிராம் அளவில் வருகிறதா என்று பாருங்கள். இருந்தால் விஷயம் முடிந்தது.

ஆறு உறுதியா என்ற கேள்விதான் பெரியது. உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இந்த எண்களைத் தயாரிப்பதுதான் என் பிழைப்பு, அதனால் சும்மா விட மனம் வரவில்லை. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 4

பொட்டலத்தில் உள்ள கார்போஹைட்ரேட் எண்ணைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. கழித்து எடுக்கிறோம்.

மாதிரியை அரைத்து 105 டிகிரி அடுப்பில் எடை நிலைக்கும்வரை காயவைத்தால், குறைந்த எடை ஈரப்பதம். இன்னொரு பங்கை ஈதரில் ஊறவைத்து வடித்தால் கரைந்து வருவது கொழுப்பு. இன்னொரு பங்கை 550 டிகிரி உலையில் போட்டால் மிஞ்சுவது சாம்பல், அதாவது தாதுக்கள். நைட்ரஜனை அளந்து பெருக்கினால் புரதம். நாலையும் கூட்டி 100-இலிருந்து கழித்தால் வருவது கார்போஹைட்ரேட். உங்கள் பிஸ்கட்டுக்கே கணக்குப் போடலாம்: ஈரப்பதம் 4, புரதம் 8.5, கொழுப்பு 16, சாம்பல் 1.5. கூட்டினால் 30. மிச்சம் 70. அதில் நார்ச்சத்து 6 என்று வைத்துக்கொண்டால் ஐரோப்பியப் பொட்டலத்தில் 64.

வீட்டுக் கணக்கில் "இதர செலவு" என்று ஒரு வரி இருக்குமே, அதுதான் இது. மற்ற வரிகளில் நடந்த பிசகு எல்லாம் கடைசியில் அங்கே போய்ச் சேரும்.

இந்த முறையின் அடிப்படை 1860-களில் ஜெர்மனியில் வேண்டே என்ற ஊரிலிருந்த ஆய்வு நிலையத்தில் உருவானது. ஹென்னபெர்க், ஸ்டோமன் என்று இருவர். மாட்டுத் தீவனத்தின் தரத்தைப் பார்க்கச் செய்தது. மனிதன் தின்னும் பிஸ்கட்டுக்கு அதே சட்டகம் இன்றைக்கும் ஓடுகிறது, யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி 4, பின்னிரவு

"அப்படியானால் சர்க்கரை அளவும் கழித்தல்தானா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், சுக்ரோஸ், லாக்டோஸ் எல்லாவற்றையும் கருவியில் தனித்தனியாகப் பிரித்தே அளக்கலாம், அளக்கிறோம். ஸ்டார்ச்சையும் (அரிசி, கிழங்கில் உள்ள மாவுப்பொருள்) நொதி போட்டு உடைத்து அளக்கலாம். மொத்தம் மட்டும்தான் மிச்சக் கணக்கு.

பிப்ரவரி 6

புரதத்தையும் அளப்பதில்லை என்றால் நம்புவீர்களா?

ஜெல்டால் முறை. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஜெல்டால் 1883-இல் வெளியிட்டது, அவருக்கு வேண்டியிருந்தது பீருக்கான தானியத்தின் புரதக் கணக்கு. இன்று காலையும் ஒரு வரிசை போட்டுவிட்டுத்தான் வந்தேன். ஒரு கிராம் மாதிரி, அடர் கந்தக அமிலம், பொட்டாசியம் சல்பேட், ஒரு சிட்டிகை காப்பர் சல்பேட். சூடேற ஏறக் குடுவைக்குள் எல்லாம் கறுத்துத் தார் மாதிரி ஆகி நுரைத்து எழும். அந்த நேரம் பக்கத்திலேயே நிற்க வேண்டும், நுரை கழுத்தைத் தாண்டினால் அந்தக் குடுவை போச்சு. பிறகு பழுப்பு, பிறகு மஞ்சள், கடைசியில் தெள்ளத்தெளிவான இளம்பச்சை. ஆறவைத்து, தண்ணீர் சேர்த்து, காஸ்டிக் சோடா ஊற்றி வடித்தால் அம்மோனியா ஆவியாக வந்து போரிக் அமிலத்தில் இறங்கும். இளஞ்சிவப்பாக இருந்த அமிலம் பச்சையாகும். திரும்ப இளஞ்சிவப்பு வரும்வரை சொட்டுச் சொட்டாக அமிலம் விட்டு, எத்தனை மில்லி செலவானது என்று பார்ப்போம்.

இத்தனை பாடுபட்டுக் கிடைப்பது நைட்ரஜன். புரதம் வேண்டுமென்றால் 6.25-ஆல் பெருக்கணும். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்பது அனுமானம், 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. ஆனால் எல்லாப் புரதமும் 16 அல்ல. பாலுக்கு 6.38, கோதுமைக்கு 5.7, ஜெலட்டினுக்கு 5.55. காளானில் கைட்டின் என்ற நார்ப்பொருள் இருக்கிறது, அதன் நைட்ரஜன் புரதத்தைச் சேர்ந்ததல்ல, அதனால் 4.38 என்று இறக்கிப் போடுகிறவர்கள் உண்டு. மேலே சொன்ன பிஸ்கட்டில் நைட்ரஜன் 1.36 சதவீதம். 6.25 போட்டால் புரதம் 8.5. கோதுமைக்கான 5.7 போட்டால் 7.75. குறைந்த முக்கால் கிராம் எங்கே போகும்? இதர செலவுக்கு. கார்போஹைட்ரேட் 70.75 ஆகிவிடும். பிஸ்கட்டில் ஓர் அணுகூட மாறவில்லை.

இந்த ஓட்டையில் புகுந்ததுதான் 2008-இல் சீனாவில் நடந்த பால்பொடி அநியாயம். பாலில் தண்ணீர் கலந்து, புரத எண்ணை மட்டும் தூக்கிக்காட்ட மெலமைன் என்ற பிளாஸ்டிக் தொழில் வேதிப்பொருளைப் போட்டார்கள். மெலமைன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 6.25-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 100 கிராம் மெலமைன் ஜெல்டால் கண்ணுக்கு 416 கிராம் புரதம்! சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், சிறுநீரகத்தில் கல். ஆறு குழந்தைகள் இறந்தன.

பிப்ரவரி 7

சர்க்கரை நோயுள்ள ஒருவர் தனிச்செய்தியில் கேட்டது, எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே. இன்சுலின் அளவுக்காகக் "கார்போஹைட்ரேட்டிலிருந்து நார்ச்சத்தைக் கழி" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கழித்தல் அமெரிக்க முறைப் பொட்டலத்துக்கு மட்டும்தான் பொருந்தும். ஐரோப்பியப் பொட்டலத்தில் ஏற்கெனவே கழித்தாகிவிட்டது, அங்கே மறுபடி கழித்தால் 64 என்பது 58 ஆகிவிடும். நார்ச்சத்து நிறைய உள்ள பொருளில் இந்த வித்தியாசம் விளையாட்டல்ல. எது எந்த முறை என்று கண்டுபிடிக்க: நார்ச்சத்து வரி கார்போஹைட்ரேட்டின் உட்பிரிவாகத் தள்ளி நிற்கிறதா, தனியாக அதே வரிசையில் நிற்கிறதா என்று பாருங்கள். அளவை மாற்றுவதென்றால் உங்கள் மருத்துவரிடம் பேசிவிட்டு.

இன்னொன்று. ஒரு நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவிலிருந்து ஒருமுறை போன். "சார், கார்போஹைட்ரேட்டை ரெண்டு கிராம் குறைச்சுக் காட்ட முடியுமா?" ஈரப்பதம் ரெண்டு கிராம் கூடினால் குறையும், பிஸ்கட் நமத்துப்போகும், பரவாயில்லையா என்றேன். யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசிக்கிறார்.

பிப்ரவரி 9

இத்தனையும் ஆய்வுக்கூடத்துப் புலம்பல். ஆறு வகைக்கு வருவோம்.

முதலில் மூன்றுதான். 1827-இல் வில்லியம் ப்ரௌட் என்ற ஆங்கிலேய மருத்துவர் உணவைச் சர்க்கரை இனம், எண்ணெய் இனம், முட்டை வெண்கரு இனம் என்று பிரித்தார். பாலில் மூன்றும் இருக்கிறது, ஆகவே பால்தான் முழு உணவுக்கு மாதிரி என்றார். இன்றைய மாவு, கொழுப்பு, புரதம் மூன்றும் அங்கிருந்து வந்தவை. அன்றைக்குக் கையில் இருந்த கருவியால் எதைப் பிரிக்க முடிந்ததோ அதுவே வகை ஆனது.

அதற்கும் முன்னால், 1816-இல் பிரான்சில் மஜாந்தி என்ற ஆய்வாளர் நாய்களுக்கு வெறும் சர்க்கரையும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார். சில வாரங்களில் மெலிந்து செத்தன. நைட்ரஜன் உள்ள உணவு கட்டாயம் வேண்டும் என்பது அவர் முடிவு. சரியான முடிவுதான். ஆனால் அவர் குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது: சாவதற்கு முன் நாய்களின் கருவிழியில் புண் வந்து ஓட்டை விழுந்தது. வைட்டமின் ஏ இல்லாமல் போனதன் அடையாளம் என்று பிற்காலத்தில் படித்தவர்கள் சொல்கிறார்கள். அவர் கண்ணால் பார்த்தார், எழுதியும் வைத்தார், போட்டுவைக்க ஒரு வகை மட்டும் அப்போது இல்லை. சுமார் நூறு வருஷம் அந்தப் புண் அப்படியே காகிதத்தில் கிடந்தது.

1881-இல் லூனின் என்ற ஆய்வாளர் சுண்டெலிகளுக்குப் பாலின் பாகங்களைத் தனித்தனியாகச் சுத்தம் செய்து, திரும்பக் கலந்து கொடுத்தார். புரதம், கொழுப்பு, சர்க்கரை, உப்புகள், எல்லாம் சரியான விகிதத்தில். எலிகள் செத்தன. அதே பாலை அப்படியே கொடுத்த எலிகள் பிழைத்தன. பட்டியல் முழுசாக இருக்கிறது, எலி சாகிறது!

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

லூனினின் ஆசிரியர் அந்தப் பக்கம் பெரிதாகத் தோண்டவில்லை. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் "மாதிரி கெட்டிருக்கும், திரும்பச் செய்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 12

வைட்டமின் என்ற வகை மற்ற மூன்றைப்போல் வந்ததல்ல. மாவும் புரதமும் "இது இருக்கிறது" என்று பிரித்தெடுத்து வந்தவை. வைட்டமின் "எதுவோ இல்லை" என்று தெரிந்து வந்தது. அதனால் அந்த வகைக்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை கூடியிருக்கின்றன. சி சர்க்கரைக்குச் சொந்தக்காரன் மாதிரியான அமிலம். டி கொலஸ்ட்ரால் குடும்பம். பி12-இன் நடுவில் கோபால்ட் உலோகமே உட்கார்ந்திருக்கிறது. வேதியியல் தெரிந்த ஒருவரிடம் 13 பெயரையும் கொடுத்து "இவை ஒரே வகை, ஏன் சொல்" என்றால் முழிப்பார்.

அளவும் ஒற்றுமை இல்லை. வயது வந்த ஆணுக்கு அமெரிக்கப் பரிந்துரையில் நாளுக்கு சி 90 மில்லிகிராம், பி12 வெறும் 2.4 மைக்ரோகிராம். 37,500 மடங்கு வித்தியாசம், ஆனாலும் ஒரே கூரை.

முதல் பிரிவினை 1913-இல். மெக்கொல்லமும் மார்கரீட் டேவிஸும் அமெரிக்காவில் எலிகளுக்குக் கொழுப்பை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். வெண்ணெய்க் கொழுப்பில் வளர்ந்தது, பன்றிக் கொழுப்பிலும் ஆலிவ் எண்ணெயிலும் வளர்ச்சி நின்றுபோனது. ப்ரௌட் கணக்கில் மூன்றும் ஒன்று, "எண்ணெய் இனம்". எலி கணக்கில் இல்லை. கொழுப்பில் கரையும் ஏ, தண்ணீரில் கரையும் பி என்று ஆனது அதற்குப் பிறகு.

ஏ-யும் ஒன்றாக நிற்கவில்லை. மீன் எண்ணெயில் சூடான காற்றை ஊதி ஏ-யை அழித்த பிறகும் அந்த எண்ணெய் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோயைக் குணப்படுத்தியது. 1922-இல் அதற்கு டி என்று பெயர் வைத்தார்கள். பி இன்னும் மோசம். சூட்டில் அழிவது ஒன்று, அழியாதது ஒன்று என்று பார்த்தார்கள். அழியாததை உடைக்க உடைக்க ரைபோஃபிளேவின், நியாசின், பி6 என்று வந்துகொண்டே இருந்தது. இப்போது எட்டு. எண் 12 வரை போகும், நடுவில் 4, 8, 10, 11 காணோம். அவை வைட்டமின் இல்லை என்றோ, ஏற்கெனவே உள்ளதுதான் என்றோ தெரிந்து வெளியேற்றப்பட்டவை.

வைட்டமின் எஃப் என்றும் ஒன்று கொஞ்ச காலம் இருந்தது. 1929-இல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி, கொழுப்பே இல்லாத உணவில் எலிகளின் தோல் செதிலாக உதிர்வதைக் கண்டார்கள். லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலத்தைக் கொடுத்தால் சரியானது. கட்டாயம் வேண்டும், உடல் செய்யாது, இல்லாவிட்டால் நோய். வைட்டமினுக்கு உண்டான எல்லா லட்சணமும் பொருந்துகிறது. ஆனால் கிராம் கணக்கில் வேண்டும், எரிசக்தியும் தருகிறது. அதனால் திரும்பக் கொழுப்பு வகைக்கே அனுப்பிவிட்டார்கள்.

பிப்ரவரி 13

மேலே ஒருவர்: "கொழுப்பில் கரைவது உடம்பில் தங்கும், ஜாக்கிரதை. தண்ணீரில் கரைவது சிறுநீரில் போய்விடும், எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது."

முதல் பாதி ஓரளவு சரி. ஏ அளவு மீறினால் கல்லீரல் கெடும், துருவக்கரடியின் ஈரலைத் தின்ற ஆர்க்டிக் பயணிகளின் கதை பிரசித்தம். ஆனால் கே கொழுப்பில்தான் கரைகிறது, கையிருப்போ மிகக் குறைவு, சீக்கிரம் தீர்ந்துபோகும். பி12 தண்ணீரில் கரைவது, கல்லீரலில் வருஷக்கணக்கில் இருப்பு இருக்கும். அதனால்தான் அதன் குறைபாடு சத்தமில்லாமல் வந்து சேர்கிறது. பி6 தண்ணீரில் கரையும், மாத்திரையாக அதிக அளவில் நெடுநாள் விழுங்கினால் நரம்பு கெட்டு கைகால் மரத்துப்போகும். "எவ்வளவு சாப்பிட்டாலும் ஒன்றும் ஆகாது" என்பதைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

கரைதிறன் எதற்குப் பயன்? குடல் எப்படி உறிஞ்சும் என்று சொல்ல. கொழுப்பு செரிக்காத நோயாளிக்கு ஏ, டி, ஈ, கே நான்கும் சேர்ந்தே குறையும். அந்த இடத்தில் இந்தப் பிரிவினை மருத்துவருக்குத் தங்கம்.

பிப்ரவரி 15

"கட்டாயம்" என்ற அளவுகோலைப் பற்றி எழுதாமல் இந்த இழை முடியாது. உடலால் செய்ய முடியாதது, ஆகவே உணவில் வந்தே தீரவேண்டியது: இதுதான் வரையறை. கேட்கச் சுத்தமாக இருக்கிறது.

புரதம் என்ற வகையை இது இரண்டாகப் பிளந்தது. புரதம் கட்டப்படும் செங்கற்களான 20 அமினோ அமிலங்களில் 9 கட்டாயம். இந்த 9 கூட ஒரே நாளில் வரவில்லை. வில்லியம் ரோஸ் என்ற ஆய்வாளர் 1930-களில் அவற்றில் ஒன்றான த்ரியோனினைக் கண்டுபிடித்தார், பிறகு இளைஞர்களுக்குச் சுத்தமான அமினோ அமிலக் கலவையையே உணவாகக் கொடுத்து, ஒவ்வொன்றாக நீக்கி, உள்ளே போகும் நைட்ரஜனையும் வெளியே வரும் நைட்ரஜனையும் கணக்குப் பார்த்து எட்டு என்றார். ஹிஸ்டிடின் பிற்பாடுதான் பெரியவர்கள் பட்டியலில் சேர்ந்தது. உடம்பில் அதற்குச் சேமிப்பு இருப்பதால் குறுகிய சோதனையில் பற்றாக்குறை தெரியவில்லை.

ஆறு அமினோ அமிலங்கள் "நிலைமையைப் பொறுத்துக் கட்டாயம்": டைரோசின், சிஸ்டீன், ஆர்ஜினின், குளுட்டமின், கிளைசின், புரோலின். ஃபினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ள குழந்தையால் ஃபினைல்அலனினை டைரோசினாக மாற்ற முடியாது. மற்ற எல்லாருக்கும் டைரோசின் விருப்பம்போல, அந்தக் குழந்தைக்குக் கட்டாயம். எங்கள் கூடத்துக்கு அந்தக் குழந்தைகளுக்கான சிறப்புப் பொடி மாதிரிகள் வரும். ஜெல்டாலில் போட்டால் "புரதம்" என்று ஓர் எண் வரும். அந்தப் பொடியில் முழுப் புரதம் என்பதே கிடையாது, பொறுக்கி எடுத்த அமினோ அமிலங்கள் மட்டும். அந்தத் தாய்க்கு வேண்டிய எண் ஃபினைல்அலனின் எத்தனை மில்லிகிராம் என்பது. என் எண்ணை வைத்து அவர் ஒன்றும் செய்ய முடியாது.

மாவுச்சத்து? கட்டாய மாவுச்சத்து என்று ஒன்றுமே இல்லை. மூளை நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் எரிக்கும், உணவில் வராவிட்டால் கல்லீரல் புரதத்திலிருந்து செய்துகொள்ளும், மூளையும் பட்டினியில் கொழுப்பிலிருந்து வரும் கீட்டோனுக்குப் பழகும். இதைப் பிடித்துக்கொண்டு "மாவே வேண்டாம்" என்று கிளம்பாதீர்கள். கட்டாயம் இல்லை என்பதற்குத் தேவையில்லை என்று அர்த்தம் கிடையாது.

நியாசினை டிரிப்டோஃபேனிலிருந்து உடல் செய்யும், 60 மில்லிகிராமுக்கு 1 மில்லிகிராம் என்ற விகிதத்தில். அதாவது வைட்டமின் பட்டியலில் உள்ள ஒன்றைப் புரதப் பட்டியலில் உள்ள ஒன்று ஈடுகட்டும். டி-யைத் தோல் வெயிலில் செய்துகொள்ளும், பிறகு அது ஹார்மோனாக வேலை செய்யும். வெயிலில் நிற்கிறவருக்கு அது ஊட்டச்சத்தா? கோலின் என்ற சத்து தலைகீழ்: உடல் கொஞ்சம் செய்கிறது, போதவில்லை. 1998-இல்தான் அமெரிக்க மருத்துவ நிறுவனம் அதற்கு அளவு வைத்தது: ஆண்களுக்கு 550 மில்லிகிராம், பெண்களுக்கு 425. வைட்டமினிலும் சேர்க்கவில்லை, அமினோ அமிலத்திலும் சேராது. திண்ணையில் உட்காரவைத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 16

சுருக்கமாகச் சொல் என்கிறார்கள். எப்படிப் பிரித்தெடுக்கிறோம் என்று ஒரு கேள்வி, உடம்பு அதை என்ன செய்கிறது என்று ஒரு கேள்வி, அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. மூன்றுக்கும் வந்த பதில்களை ஒரே அட்டவணையில் கொட்டிவைத்து "ஆறு வகை" என்கிறோம். என் குறை அவ்வளவுதான்.

பிப்ரவரி 18

தாதுக்கள். சீக்கிரம் முடிக்கிறேன், இங்கே சண்டை குறைவு.

நாளுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் வேண்டுமென்றால் பெருந்தாது, கீழே என்றால் நுண்தாது. கோடு வசதிக்காகப் போட்டது. நுண் என்பதால் இளப்பம் இல்லை: உடம்பு முழுக்க அயோடின் 15, 20 மில்லிகிராம்தான், தைராய்டு அதை வைத்துக்கொண்டுதான் பிழைக்கிறது. கால்சியம் சுமார் ஒரு கிலோ.

சாம்பல் எண்ணைப் பார்த்துத் தாது நிறைய என்று மகிழாதீர்கள். 550 டிகிரியில் தப்பிப் பிழைத்தது எல்லாம் சாம்பல்தான், சரியாகக் கழுவாத கீரையின் மண் உட்பட. கந்தகமும் கோபால்ட்டும் உடலுக்கு வேண்டும், ஆனால் கந்தகம் பெரும்பாலும் அமினோ அமிலத்துக்குள் வருகிறது, கோபால்ட் பி12-க்குள் வருகிறது. தனியாகக் கணக்கில்லை. குரோமியம் பல பட்டியல்களில் கட்டாயத் தாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2014-இல் அதற்கு ஆதாரம் போதாது என்று அளவே வைக்கவில்லை. மாத்திரை விற்கிறவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச்சேரவில்லை.

பொட்டலம் ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி: அமெரிக்காவில் "சோடியம்", ஐரோப்பாவில் "உப்பு". சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. 400 மில்லிகிராம் சோடியமும் 1 கிராம் உப்பும் ஒன்றே.

பிப்ரவரி 19

கலோரி கேட்டவருக்கு. மாவு 4, கொழுப்பு 9, புரதம் 4. கிராமுக்கு இத்தனை கிலோகலோரி என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அட்வாட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் கொடுத்தது. புரதத்தைக் கலோரிமானியில் எரித்தால் கிராமுக்கு 5.65 வரும். உடம்பு அதை முழுக்க எரிப்பதில்லை, யூரியாவாக ஒரு பங்கு சிறுநீரில் போகிறது, செரிக்காததும் கொஞ்சம். கழித்துத் தட்டி முழுசாக்கினால் 4. சாராயம் 7. எரிசக்தி தருகிறது, ஆனால் ஆறில் எதிலும் இல்லை, இல்லாவிட்டால் எந்த நோயும் வராது. குடிக்கிறவர்கள் எதிர்க்கருத்து எழுதலாம்.

நார்ச்சத்துக்கு இப்போது 2. எனக்கு இந்த இழையிலேயே பிடித்த இடம் இதுதான். நம்முடைய நொதி எதுவும் நார்ச்சத்தைத் தொடுவதில்லை. சிறுகுடல் தாண்டிப் பெருங்குடலுக்கு அப்படியே போகிறது. அங்கே பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்று குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலமாக்கும். பெருங்குடல் சுவரின் செல்கள் அந்தப் பியூட்டிரேட்டைத்தான் முதன்மையாக எரிக்கின்றன. கார்போஹைட்ரேட் என்று வாய்க்குள் போனது, உடம்புக்குள் கொழுப்பு அமிலமாக நுழைகிறது. எந்த வரியில் போடுவீர்கள்?

பிஸ்கட்டுக்குக் கணக்கு: 70-ஐயும் நாலால் பெருக்கினால் மொத்தம் 458 கிலோகலோரி. 64-ஐ நாலாலும் 6-ஐ இரண்டாலும் பெருக்கினால் 446. இந்த 12 கிலோகலோரிக்காகத் தூக்கம் கெடுக்க வேண்டாம்.

இன்னும் குழப்பம் வேண்டுமென்றால்: உருளைக்கிழங்கை வேகவைத்து ஆறவிட்டால் ஸ்டார்ச்சில் ஒரு பகுதி இறுகி, நொதிக்கு மசியாத ஸ்டார்ச்சாகிறது. நார்ச்சத்தாகவே நடந்துகொள்கிறது. சூடான கிழங்குக்கு ஒரு வகைப்பாடு, ஆறிய கிழங்குக்கு ஒன்று.

பிப்ரவரி 23

மகள் பாடப்புத்தகத்தில் வேறு ஒரு பிரிவினை: சக்தி தருவது, வளர்ச்சி தருவது, பாதுகாப்புத் தருவது. முட்டையை எந்தக் கட்டத்தில் ஒட்டுவது என்று கேட்டாள். மூன்றிலும் ஒட்டு என்றேன். டீச்சர் ஒரு கட்டம்தான் சரி என்று போட்டுவிட்டார், வீட்டில் எனக்கு மரியாதை போச்சு.

கிண்டல் செய்தாலும் அந்தப் பிரிவினைமேல் எனக்குக் கோபமில்லை. அது சமைக்கிறவருக்கானது. தட்டில் ஒரே நிறமாக இல்லாமல் பார்த்துக்கொள்ள அது போதும். என் சாம்பல் எண்ணை வைத்து யாராலும் மதியச் சாப்பாடு திட்டமிட முடியாது.

பிப்ரவரி 26

கடைசியாகப் பூனை வளர்ப்பவரின் கேள்வி: நமக்குள்ள பட்டியலே பூனைக்கும் பொருந்துமா?

பொருந்தாது. வைட்டமின் சி நமக்குக் கட்டாயம், பூனை தானே செய்துகொள்ளும். பாலூட்டிகளில் நாமும் குரங்குகளும் கினிப் பன்றியும் வௌவால்கள் பலவும் அதில் கையாலாகாதவர்கள். பதிலுக்குப் பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம், நம் பட்டியலில் அது இல்லை. அது குறைந்தால் விழித்திரை கெடும். இதயத் தசை தளர்ந்து வீங்குவதும் அதனால்தான் என்று 1987-இல் தெரிந்த பிறகு தீவனங்களில் அளவைக் கூட்டினார்கள். கேரட்டின் கரோட்டினை ஏ-யாக மாற்றும் திறமையும் பூனைக்கு இல்லை, ஏ-யாகவே வரவேண்டும். டிரிப்டோஃபேனிலிருந்து நியாசின் செய்வதும் போதாது. நாய்க்கு இதில் பலதும் தானே முடியும். ஆகவே வீட்டில் இரண்டும் இருந்தால் நாய்த் தீவனத்தையே பூனைக்கும் போட்டு ஒப்பேற்றாதீர்கள். பூனைப் பொட்டலத்தில் டாரின் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.